பூட்டு பிடித்த மொட்டை மாடி

"மாடியில ரெண்டு தடியனுங்க குளிச்சிக்கிட்டு இருக்கானுங்க!" என்று மாமியார் ஈரத் துணி வாளியோடு வீட்டுக்குள் ஓடி வந்தபோது, நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"யாரு அத்தை?"

"நின்னு நிதானமா விசாரிச்சிட்டு வரச் சொல்றியா? ஒருத்தன் தலை பூரா சோப்பு. கண்ணை மூடிக்கிட்டே 'வணக்கம்மா'ங்கிறான்!"

நர்ஸின் வீடு நாலாவது மாடியில். அதற்கு மேலே மொட்டை மாடிதான். அது எட்டு வீட்டுக்கும் பொது. எல்லார் வீட்டுத் துணியும் அங்கேதான் காயும், எல்லார் வீட்டுத் தண்ணீரும் அங்கிருக்கும் தொட்டியிலிருந்துதான் இறங்கும். யார் மேலே போனாலும் நர்ஸின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். புருஷனுக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடப்பான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். இருவரும் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்வார்கள், ஒருத்தி சாப்பிடாமல் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள்.

நர்ஸ் மேலே போய்ப் பார்த்தாள். பெயிண்ட் தெறித்த சட்டைகள் கொடியில் தொங்கின. பெரியவனுக்கு நாற்பது வயதிருக்கும். சின்னவன் அவனுடைய தம்பி. பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மேஸ்திரி கம்பி நீட்டிவிட்டான், தங்கியிருந்த கொட்டகையையும் பிரித்தாயிற்று. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு இந்தப் பக்கம் தாண்டி வந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படுத்திருக்கிறார்கள்.

"வேற வேலை கிடைச்சதும் போயிடுவோம் சிஸ்டர்," என்றான் பெரியவனான பெயிண்டர், துண்டைத் தோளில் இழுத்துவிட்டபடி. "ஒரு பொருளைத் தொட மாட்டோம்."

"சீக்கிரம் பாத்துக்கோங்க. இங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலிகளைப் போட்டுச் சங்கக் கூட்டம் கூடியது. பிரசிடெண்ட் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஆட்டிவைக்க ஆளில்லாத குறையை இங்கே தீர்த்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு புகார் வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது என்றார் முதல் மாடி பேக்கரிக்காரர். கொடியில் கிடந்த புதுச் சட்டையைக் காணவில்லை என்றார் இரண்டாவது மாடி டியூஷன் வாத்தியார். வயசுப் பொண்ணை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்றாள் வாத்தியார் மனைவி.

"அவங்க பெயிண்டருங்க. கொஞ்ச நாள்ல போயிடுறோம்னு சொன்னாங்க," என்றாள் நர்ஸ்.

"இன்னைக்கு ரெண்டு பேரு. நாளைக்குக் குடும்பம் குட்டியோட வருவான். அப்புறம் நாம அவன்கிட்ட கேட்டுக்கிட்டுத் துணி காயப்போடணும்," என்றார் பிரசிடெண்ட்.

"கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க!" என்று மாமியார் குரலை உயர்த்தினாள். "இவ பேச்சைக் கேக்காதீங்க. ஆஸ்பத்திரியில காட்டுற இரக்கத்துல மிச்சம் மீதியை வீட்டுக்கும் தூக்கிட்டு வந்துடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். போலீசுக்குப் போகலாமா என்று யாரோ கேட்டதற்குப் பிரசிடெண்ட் கையை விரித்தார். "அவன் வந்து பாத்து, எழுதி, இழுத்தடிப்பான். எனக்கு ஒரு ஆளைத் தெரியும். ஒரே நாள்ல முடிச்சிடுவான்." முடிப்பது என்றால் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நர்ஸும் கேட்கவில்லை. அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகியிருந்தது.

அந்த ஆளை எல்லாரும் பூட்டு என்று கூப்பிட்டார்கள். குள்ளமான ஆள், படிய வாரிய தலை, பேச்சுக்குப் பேச்சு "சார்", "மேடம்". எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகத் தன் பூட்டை மாட்டுவான் என்பதால் வந்த பெயர். அவனோடு இரண்டு பேர். ஒருவன் நெட்டையன், மற்றவன் மொட்டைத்தலையன்.

மறுநாள் சாயங்காலம் பெயிண்டரும் தம்பியும் வேலை தேடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் பலகை வழியாக வராமல், எல்லாரும் வரும் படிக்கட்டு வழியாகவே வந்தார்கள். நாலாவது மாடித் திருப்பத்தில் பூட்டு காத்திருந்தான். சத்தம் கேட்டு நர்ஸ் கதவருகே போய், கதவில் இருந்த கண்ணாடி ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

பெயிண்டர் கையெடுத்துக் கும்பிட்டான். "இப்பவே போயிடுறோம் சார். சாமானை மட்டும் எடுத்துக்குறோம்."

"எடுத்துக்கலாம் சார், எடுத்துக்கலாம்," என்று மெதுவாகச் சொன்ன பூட்டு, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த இரும்புக் கம்பியைச் சுழற்றி அவன் முழங்காலில் இறக்கினான். ஈர மரம் முறிவதுபோல ஒரு சத்தம். பெயிண்டர் கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி மடிந்து உட்கார்ந்தான். அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தது. "அண்ணனை விடுங்கடா!" என்று பாய்ந்த தம்பியை நெட்டையன் சுவரோடு சுவராக வைத்து மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் சுவரில் விசிறியது. பூட்டு பெயிண்டரின் நெஞ்சில் காலை வைத்துத் தள்ளினான். அவன் படிக்குப் படி உருண்டு மூன்றாவது மாடியில் போய் விழுந்தான். அதற்கும் கீழே இரண்டாவது மாடியில் வாத்தியார் வீட்டுக் கதவு லேசாகத் திறந்து, உடனே மூடிக்கொண்டது.

நர்ஸின் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. திறக்கவில்லை. பின்னால் மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

அப்புறம் பிரசிடெண்ட் தானே ஒரு வாளியும் துடைப்பமும் எடுத்து வந்து படிக்கட்டைக் கழுவினார். நெட்டையனும் மொட்டையனும் பெயிண்டரைத் தூக்கிக்கொண்டு, தம்பியை இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் போட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் நர்ஸ் எலும்பு வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் அவன் படுத்திருந்தான். முழங்கால் சில்லுச் சில்லாகியிருந்தது, ஆபரேஷன் முடிந்து கால் முழுக்கக் கட்டு. காலடியில் வீங்கிய முகத்தோடு தம்பி உட்கார்ந்திருந்தான்.

பெயிண்டர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். "சிஸ்டர், நீங்க அந்த வீடுதானே? அவங்க யாரு? யாரு அனுப்பினாங்க?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் டியூட்டியில இருந்தேன்."

"உங்க கதவு ஓட்டையில வெளிச்சம் மறைஞ்சுது. யாரோ நின்னு பாத்தாங்க."

"மாமியாரா இருக்கும். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது," என்றாள். அவனுக்கு ஊசி போட்டாள், கட்டை மாற்றினாள், மற்றவர்களைவிட அதிக நேரம் அவன் கட்டிலருகே நின்றாள். உண்மையை மட்டும் சொல்லவில்லை. அடித்தவர்கள் யாரென்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது.

இங்கே மொட்டை மாடிக் கதவில் புதுப் பித்தளைப் பூட்டு தொங்கியது. பாதுகாப்புக்கு என்றான் பூட்டு. அப்புறம் மூன்று கட்டில்கள் மேலே போயின. தார்ப்பாய் கட்டினார்கள். கண்ட கண்ட ஆட்கள் நர்ஸின் வாசலைத் தாண்டி ஏறி இறங்கினார்கள். பாட்டில்கள் உடைந்து தெருவில் விழுந்தன. துணி காயப்போடப் போன வாத்தியார் மகளை நெட்டையன் வழிமறித்து நின்று சிரித்தான். வாத்தியார் கேட்கப் போனார், முன்பல் இரண்டு இல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் வால்வும் பூட்டின் கைக்குப் போயிற்று. யாராவது முறைத்தால் அந்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும்.

பிரசிடெண்ட் மேலே ஏறிப் போய், "தம்பி, வந்த வேலைதான் முடிஞ்சுடுச்சே," என்று குழைந்தார்.

"முடிஞ்சுதா இல்லையான்னு நான்ல சார் சொல்லணும்?" பூட்டு அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அதிலிருந்த ஒரு குரலை ஓடவிட்டான். 'நடக்க முடியாதபடி பண்ணு. அப்பதான் திரும்பி வர மாட்டான்.' பிரசிடெண்டின் குரல்தான். "போலீசுக்குப் போங்க சார். நானும் கூட வரேன்."

இறங்கி வந்த பிரசிடெண்டின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டடம் முழுக்கச் சேதி பரவியது. கொதித்த பேக்கரிக்காரரை மற்றவர்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். அவனைக் கிளறினால் எல்லாரும் உள்ளே போக வேண்டியதுதான் என்று பயந்தார்கள். வந்தவர்களை விரட்டக் கூப்பிட்ட ஆளை விரட்ட யாரைக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்லாருக்கும் பயம் இருந்தது, மாமியாருக்கு மட்டும் ஆத்திரம் அதிகமாக இருந்தது. ஒரு நாள் காலை நர்ஸ் இரவு டியூட்டி முடிந்து படியேறிக்கொண்டிருக்கும்போதே மேலே மாமியாரின் குரல் கேட்டது.

"குடிக்கக்கூடத் தண்ணி இல்ல. வால்வைத் திறடா! இது என் வீட்டு மாடிடா!"

"பெரியவங்க, மரியாதையாப் பேசுங்க மேடம்."

"உனக்கென்னடா மரியாதை, ரவுடிப் பயலே!"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அடித்தது மாமியார்தான். அடுத்த நொடி அவள் அலறல். நர்ஸ் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். மாமியார் மாடிப்படியின் அடியில் கிடந்தாள். வாளி உருண்டுகொண்டிருந்தது. வலது மணிக்கட்டு கவிழ்த்த கரண்டிபோல வளைந்து நின்றது. பார்த்த மாத்திரத்தில் நர்ஸுக்குத் தெரிந்துவிட்டது, உடைந்திருக்கிறது.

"முறுக்கிட்டு... தள்ளிட்டான்டி," என்று மாமியார் பல்லைக் கடித்தாள். அழவில்லை.

மேலே கதவில் சாய்ந்தபடி பூட்டு கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "வயசானவங்களை வீட்டோட வச்சிக்கோங்க மேடம்."

கதவோரம் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் குழாய் ஒன்று சாத்தியிருந்தது. நர்ஸ் மேலே ஏறிப் போய் அதை எடுத்தது அவளுக்கே நினைவில்லை. உடைந்த எலும்புகளையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண், எங்கே அடித்தால் உடையும் என்று தானாகவே கண்டுகொண்டது. முதல் அடி பூட்டின் கழுத்தெலும்பில் இறங்கியது. அவன் கை செத்துத் தொங்கியது. இரண்டாவது அடி விலாவில். அவன் பின்னால் தடுமாற, நெட்டையன் ஓடி வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தலையைத் தொட்டிச் சுவரில் மோதினான். அவள் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. குழாயை மட்டும் விடவில்லை. கண் தெரியாமலே அவன் முட்டியில் வீசினாள்.

மாமியாரின் அலறல் அதற்குள் கட்டடத்தையே எழுப்பியிருந்தது. பேக்கரிக்காரர் அடுப்பில் ரொட்டி தள்ளும் நீளக் கட்டையோடு முதலில் ஏறி வந்தார். பின்னால் வாத்தியார், அவர் மனைவி, மூன்றாவது மாடிக்காரர்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு. இத்தனை நாள் விழுங்கிய பயமெல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தது. மொட்டையன் கத்தியை எடுத்து வீசினான். பேக்கரிக்காரரின் முன்கை முழங்கை வரை திறந்துகொண்டது. அவர் அதைப் பார்க்காமலே கட்டையால் அவன் வாயில் குத்தினார். கத்தி தெறித்தது. பெயிண்டர் போட்டிருந்த பழைய பலகை வழியாக மொட்டையன் பக்கத்துக் கட்டடத்துக்குத் தவழ்ந்து தப்பினான். நெட்டையனின் காதை வாத்தியார் மிச்சமிருந்த பற்களால் கவ்வினார். வாத்தியார் மனைவி செருப்பைக் கழற்றி, ஒவ்வோர் அடிக்கும் மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தாள்.

பூட்டு கீழே விழுந்தான். விழுந்தவனைச் சுற்றிக் கால்கள் கூடின. உதைத்தவர்களில் நர்ஸும் ஒருத்தி. நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

கடைசியாகப் பிரசிடெண்ட் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குனிந்து, பூட்டின் சட்டைப் பையைக் கிழித்துப் போனை எடுத்தார். குதிகாலால் மிதித்து நொறுக்கினார். அப்புறம், "இவன் உயிரோட இருந்தா நம்மள விட மாட்டான். தூக்குங்க! கீழ போடுங்க! தானா விழுந்தான்னு சொல்லிடலாம்," என்றார்.

யாரும் யோசிக்கவில்லை, எட்டுக் கைகள் தூக்கின. பூட்டு கைப்பிடிச் சுவரில் நல்ல கையை ஊன்றி, "வேணாம் சார், வேணாம்," என்று முனகினான். பிரசிடெண்ட் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். விரல்களைப் பிரிக்கும்போது அவர் முகம் நிதானமாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் நர்ஸுக்குப் புத்தி வந்தது. இது சண்டை இல்லை, படிக்கட்டைக் கழுவிய அதே வேலை.

"விடுங்க! விடுங்கன்னு சொல்றேன்!" என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. பூட்டின் இடுப்பு சுவரைத் தாண்டிவிட்டது. நர்ஸ் குழாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிரசிடெண்டின் முன்கையில் போட்டாள்.

எலும்பு உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பிரசிடெண்ட் வீறிட்டார். திடுக்கிட்டு எல்லாரும் கையை விட, பூட்டு தலைகீழாக வெளியே சரிந்தான். பேக்கரிக்காரர் மட்டும் அவன் காலைப் பிடித்திருந்தார். அவர் கையிலிருந்து வழிந்த ரத்தத்தில் கால் வழுக்கிக்கொண்டே போனது. "பிடிங்கம்மா, நழுவுறான்!" நர்ஸ் சுவரில் வயிற்றை அழுத்திப் பாய்ந்து அவன் பெல்டைப் பிடித்தாள். இருவருமாக இழுத்து உள்ளே போட்டார்கள். பூட்டு தரையில் கிடந்து வாந்தியெடுத்தான்.

"பைத்தியக்காரி! என்னையே அடிச்சிட்டியா?" என்று பிரசிடெண்ட் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

நர்ஸ் கொடியில் கிடந்த புடவையைக் கிழித்துப் பேக்கரிக்காரரின் கையை இறுக்கிக் கட்டினாள். பிறகு போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் அவளே போன் செய்தாள்.

வந்த இன்ஸ்பெக்டரிடம், "மாடியைப் பிடிச்சு வச்சிருந்தான் சார். எங்களைக் காப்பாத்திக்கிட்டோம், அவ்வளவுதான்," என்று பிரசிடெண்ட் முந்திக்கொண்டார்.

"இவனைக் கூட்டிட்டு வந்ததே நாங்கதான் சார்," என்றாள் நர்ஸ். "பெயிண்டர் ஒருத்தர் காலை உடைச்சாங்க. இவர் சொல்லி உடைச்சாங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன்."

"வாயை மூடு! நீயும்தான் உள்ள போவ!" என்று பிரசிடெண்ட் சீறினார்.

"போறேன்."

மணிக்கட்டைத் துண்டில் தொங்கவிட்டபடி சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் தலையை நிமிர்த்தினாள். "கழுத்தைப் பிடிச்சுத் தள்ளச் சொன்னது நான். என் பேரையும் எழுதிக்கோங்க. அவ ஒருத்தியாப் போனா ஸ்டேஷன்ல சாப்பிட மாட்டா."

மறுநாள் நெற்றித் தையலோடு நர்ஸ் பெயிண்டரின் கட்டிலருகே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தையும் சொன்னாள், தாழ்ப்பாளில் கை இருந்தும் திறக்காததையும் சொன்னாள். தம்பி எழுந்தான். அவள் கையிலிருந்த மருந்துத் தட்டைத் தட்டிவிட்டான். அது வார்டு முழுக்கச் சிதறியது. ஓங்கி ஒரு அறை விட்டான். புதுத் தையல் பிரிந்து ரத்தம் புருவத்தில் வழிந்தது. வார்டு பாய் ஓடி வந்தான். வேண்டாம் என்று நர்ஸ் கையைக் காட்டினாள்.

"உக்காருடா," என்றான் பெயிண்டர். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர். உங்களை நல்லவங்கன்னு நினைச்சு தினமும் நன்றி வேற சொன்னேன்."

நர்ஸ் குனிந்து சிதறியவற்றைப் பொறுக்கினாள்.

பெயிண்டர் புகார் கொடுத்தான். நர்ஸ் சாட்சி சொன்னாள், பேக்கரிக்காரரும் சொன்னார். வாத்தியார் கடைசிவரை ஒன்றும் பார்க்கவில்லை என்றே சாதித்தார். பூட்டுக்கும் நெட்டையனுக்கும் நீண்ட சிறை கிடைத்தது, பிரசிடெண்டுக்கு அதைவிடக் குறைவாக. பிரசிடெண்டின் கையை உடைத்ததற்கு நர்ஸ் மீதும் வழக்கு நடந்தது. ஓர் உயிரைக் காப்பாற்ற அடித்தாள் என்று அவளை விட்டுவிட்டார்கள். அந்த வழக்கு முடியும்வரை ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றது.

பெயிண்டரின் முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. சாரம் ஏற முடியாது. தம்பி உயரத்தில் அடிக்க, அவன் தரையில் நின்று கதவுக்கும் கேட்டுக்கும் அடிக்கிறான் என்று கேள்விப்பட்டாள். ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்தான். நர்ஸ் நின்றாள். அவன் நிற்காமல், கோலை ஊன்றிக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள்.

"பின்ன, கட்டிப் பிடிச்சுப்பான்னு நினைச்சியா?" என்றாள் மாமியார். அவளுடைய மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. "இந்தா, வாளியைப் பிடி. எனக்குப் பிழிய வரல."

இருவரும் துணியைப் பிழிந்தார்கள்.